எடை குறைப்பவர் வாழும் வீடு

(மதுரையில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் உணவியல் ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்னால வாயைக் கட்ட முடியலைங்க." உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். ஆசிரியை, பேருந்து நடத்துநர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டும் பெண், வங்கி மேலாளர், யாராக இருந்தாலும் இந்த வாக்கியம் மாறுவதில்லை. பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் மருத்துவம், மாதச் சீட்டு, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் பிசகாமல் நடத்துகிற ஒருவர், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் தனக்கு மன உறுதி கிடையாது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருகிறார். அந்தத் தீர்ப்பை மறுப்பதற்குத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எடை குறைக்கும் திட்டம் மூன்றாம் வாரம் நொண்டுவதற்கும் மூன்றாம் மாதம் படுத்துவிடுவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. சில காரணங்கள் நம் உடம்புக்குள் இருக்கின்றன. பெரும்பாலானவை நம் வீட்டுக்குள் இருக்கின்றன.

தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் 2015-16இல் நூற்றுக்கு 30.9 பேர். 2019-21இல் அது 40.4 ஆகிவிட்டது. ஆண்களில் 28.2 ஆக இருந்தது 37.0 ஆனது. இந்திய அளவில் இதே ஆய்வு காட்டுவது பெண்களில் 24, ஆண்களில் 22.9. நான்கைந்து ஆண்டு இடைவெளியில் தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் ஒருவருக்குப் புதிதாக மன உறுதி போய்விட்டது என்று யாராவது நம்புவீர்களா? மனிதர்கள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. அவர்களைச் சுற்றியிருக்கும் வேலை, சமையல், போக்குவரத்து, உறக்கம், கடைத்தெரு ஆகியவைதான் மாறியிருக்கின்றன.

அந்த ஆய்வு உடல் நிறை எண் 25ஐத் தாண்டியவர்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. இந்திய மருத்துவர்கள் நமக்கு 23ஐயே எல்லையாக வைத்திருக்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் 59 கிலோவிலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறார். காரணம், நம்மவர்களுக்கு எடை அதிகம் ஏறாமலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது. ஆகவே எடைக் கருவியோடு ஒரு தையல்காரர் டேப்பும் வீட்டில் இருக்கட்டும். பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதற்கு மேல் போனால் கவனம் வேண்டும்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ சட்டென்று இறங்கும். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு குறைந்ததும் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. கொழுப்பு அப்போதுதான் மெல்ல அசைய ஆரம்பித்திருக்கும். மூன்றாம் வாரம் முள் ஒரே இடத்தில் நிற்கும். "டயட் வேலை செய்யலைங்க" என்று நிறுத்திவிடுவார்கள். கொழுப்பு கரைகிற வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் வாரத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இது.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. "ஒரே மாதத்தில் பத்துக் கிலோ" என்று ஆட்டோவின் பின்புறம் ஒட்டியிருக்கிறார்களே, அதைக் கொழுப்பாகக் கரைக்க வேண்டுமானால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வர வேண்டும். அதிகம் உடலுழைப்பு இல்லாத, 55 கிலோ எடையுள்ள இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாள் முழுமைக்கும் தேவைப்படும் ஆற்றலே 1,660 கலோரிதான் என்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எடை கூடியவருக்குத் தேவை இன்னும் சற்றுக் கூடும். அப்படியே வைத்துக்கொண்டாலும், முப்பது நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தால்கூட அந்தக் கணக்கு தேறாது. கொழுப்பு போக மீதி இறங்குவது தண்ணீரும் தசையும்தான். தசையை இழந்த உடம்பு அடுத்த முறை இன்னும் குறைவாகவே எரிக்கும். அந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி, முடியாமல் போனதும் தன்னையே நொந்துகொள்கிற பெண்களைப் பார்க்கிறபோது எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. எடை குறையக் குறைய உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாகவே முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்குத் தினமும் சராசரியாக 1,570 கலோரி அளவில்தான் உணவு. எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போயிற்று. மனதில் என்ன நடந்தது என்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், கனவு கண்டார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். எரிச்சலும் சோர்வும் வந்தன. கட்டுப்பாடு நீங்கிய பிறகும் பல மாதம் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. கொள்கைக்காக நாட்டின் ஆணையையே மறுத்து நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த 1,570 என்ற எண்ணைக் கவனியுங்கள். இன்று நம் ஊரில் கையால் எழுதித் தரப்படும் டயட் சீட்டுகள் பலவற்றில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது.

பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994இலும், பசியைத் தூண்டும் கிரெலின் 1999இலும் கண்டுபிடிக்கப்பட்டன. அதன் பிறகு இந்தப் பசியின் பின்னணி தெளிவானது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் கடுமையாக உணவைக் குறைத்து எடை இழந்தவர்களின் ரத்தத்தை ஓராண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். எடையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிட்ட பிறகும், பசியைக் கூட்டும் ஹார்மோன் கூடியே இருந்தது, அடக்கும் ஹார்மோன் குறைந்தே இருந்தது. ஆகவே எடை குறைத்தவருக்கு முன்பைவிடக் கூடுதலாகப் பசிக்கிறது என்பது மருத்துவ உண்மை. "ரெண்டு மாசம் ஆயிடுச்சே, இன்னுமா பசிக்குது?" என்று வீட்டில் யாரும் அவரைக் கேட்கக் கூடாது.

இப்போது வீட்டுக்கு வருவோம். நான் அதிக நேரம் நிற்க விரும்புகிற இடம் இதுதான்.

டயட் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். காலை ஓட்ஸ், பதினொரு மணிக்குப் பழம், மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு சாலட். ஒரு தனி மனிதர், தனி அடுப்பில், தனக்காக மட்டும் சமைத்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதாக வைத்து எழுதப்பட்ட அட்டவணை அது. நம் வீட்டில் காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றுகிறது. பிள்ளைகளுக்கு இட்லி, டிபன் பாக்ஸுக்குத் தக்காளி சாதம், கணவருக்குச் சோறும் குழம்பும் ஒரு பொரியலும், அப்பத்தாவுக்குப் புளி சேர்க்காத ரசம். இதற்கு நடுவில் அந்த அம்மா தனக்கென்று ஓட்ஸ் கிண்ட வேண்டும். நாலு நாள் கிண்டுவார். ஐந்தாம் நாள் மிஞ்சிய தக்காளி சாதத்தை நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடுவார். இதை மன உறுதிக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்காரருக்கு மருத்துவர் "எடையைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டால் வீடே திரும்பிவிடுகிறது. கீரை வருகிறது, சுண்டல் அவிகிறது, எண்ணெய் இல்லாத தோசை கல்லில் விழுகிறது, நடைக்குப் போக வேட்டி சட்டை மடித்துத் தயாராக இருக்கிறது. அதே சொல்லை மருத்துவர் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னால் அவருக்கு இன்னொரு வேலை கூடுகிறது, அவ்வளவுதான். எடை குறைப்பு ஆண்களுக்கு எளிது, பெண்களுக்கு ஹார்மோன் இடைஞ்சல் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹார்மோன் காரணங்கள் உண்டு, தைராய்டு உண்டு, பிள்ளைப்பேறு உண்டு. ஆனால் சமைத்துக் கொடுக்க ஆள் இருப்பதும் இல்லாததும் அதைவிடப் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

பிறகு மிச்சம். குழந்தையின் தட்டில் அரை தோசை, சட்டியின் அடியில் ஒரு கரண்டிச் சாம்பார் சாதம், "வீணாப் போகுதே" என்று வாயில் போட்டுக்கொள்வது. இதை யாரும் கேலி செய்ய வேண்டாம். ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் நாம். சோற்றைக் கொட்டக் கை வராது, வரவும் வேண்டாம். ஆனால் இந்த வாய்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு. "நான் 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறேன், எடை மட்டும் குறையவில்லை" என்று சொன்ன சிலரை ஆராய்ந்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 விழுக்காடு அவர்களின் கணக்கில் விடுபட்டிருந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. நின்றபடி, நடந்தபடி, வேறு வேலை பார்த்தபடி வாயில் போவதை மனம் சாப்பாடாகவே பதிவு செய்வதில்லை. ருசி பார்க்க ஒரு கரண்டி, பால் காய்ச்சியதும் ஏடு, பிள்ளை கடித்துப் போட்ட பிஸ்கட் எல்லாம் இந்த வகை.

இதற்கு நான் சொல்வது எளிய வழி. அளந்து சமையுங்கள். பிள்ளைக்கு முதலில் ஒரு இட்லி வையுங்கள், கேட்டால் அடுத்தது. மிஞ்சினால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மாலையில் யாருக்காவது கொடுங்கள். ஒரு வாரம் மட்டும் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில், வாயில் போன ஒவ்வொன்றையும் எழுதுங்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரை வைத்து நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வாரத்தில் ஆறு நாளாவது உணவைக் குறித்து வைத்தவர்களுக்கு, குறிக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை குறைந்தது. செல்போன் செயலி வேண்டியதில்லை. பென்சில் போதும்.

எண்ணெய்க்கு வீட்டளவில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 45 கலோரி. நல்லெண்ணெயா, கடலெண்ணெயா, தேங்காயெண்ணெயா, ஆலிவா என்று நாள்கணக்கில் விவாதிக்கிறோம். கலோரிக் கணக்கில் எல்லா எண்ணெயும் ஒன்றுதான். ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்று வைத்தால், நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டரைச் சற்றுத் தாண்டும். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்து, ஆறு லிட்டர் என்று இருந்தால், டயட் சீட்டைத் திருத்துவதற்கு முன்னால் மளிகைச் சீட்டைத் திருத்த வேண்டும். மாதத் தொடக்கத்திலேயே அந்த மாதத்து எண்ணெயைத் தனி டின்னில் ஊற்றி வைத்துவிட்டால், தினமும் ஒருவர் தன் நாக்கோடு சண்டை போட வேண்டியதில்லை. வீடு முழுவதும் சேர்ந்து குறைக்கிறது. எவருக்கும் தனித் தட்டு வேண்டாம்.

சோற்றைப் பற்றிக் கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், நாம் உண்ணும் மொத்தக் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, ரவை, சர்க்கரை. அரிசியை எதிரியாக்க நான் தயாராக இல்லை. சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தி என்று மாற்றுவதில் பெரிய லாபமும் இல்லை, மாவு மாவுதான். தட்டில் வைக்கும் வரிசையை மாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முதலில் பொரியலும் கூட்டும், அடுத்து பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. சோற்றைப் பாத்திரத்தோடு மேசையில் வைக்காமல் அடுப்படியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எழுந்து போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாலே இரண்டாம் கரண்டி பாதியாகிவிடும்.

மாலை நாலிலிருந்து ஏழு வரை உள்ள நேரம் பலருடைய திட்டம் உடையும் நேரம். காலையில் அரைகுறை, மதியம் அவசரம், அதன் பிறகு டீக்கடை வாசலில் வடைச் சட்டியின் மணம். நாளுக்கு நாலு டீ அல்லது காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 32 முதல் 40 கிராம் வரை போகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் நாள் முழுமைக்கும் 20 முதல் 25 கிராம் போதும் என்கிறது. இந்த நேரத்துப் பசியை அடக்கப் பார்க்காதீர்கள், அதற்குச் சாப்பாடு போடுங்கள். ஒரு கிண்ணம் தட்டைப்பயறுச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, ஒரு முட்டை, மோர். முன்பு சொன்ன ஜவுளிக்கடைப் பெண்ணிடம் "எட்டு மணிக்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடி" என்று சீட்டில் எழுதுவதில் அர்த்தமே இல்லை. கடை பூட்டி அவர் பேருந்தில் வீடு சேரப் பத்தரை ஆகிறது. ஆறு மணி டீ இடைவேளைக்கு இரண்டு முட்டையோ சுண்டலோ டப்பாவில் எடுத்துப் போகச் சொல்ல வேண்டும். இரவு ஒரு தோசையோடு படுத்துவிடலாம். வேலை நேரத்தைக் கேட்காமல் உணவுத் திட்டம் எழுதக் கூடாது.

அடுத்து விசேஷங்கள். தை பிறந்தால் ஆவணி வரை கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில், கிடாவெட்டு. சித்திரையில் அழகர் வருகிறார், தெருவுக்குத் தெரு அன்னதானம், நீர்மோர், பானகம். இவற்றை ஒதுக்கிவிட்டு எடை குறையுங்கள் என்று சொல்கிறவருக்கு இந்த ஊர் தெரியாது என்றுதான் பொருள். பந்தியில் "வேணாம்" என்ற சொல்லை யாரும் நம்புவதும் இல்லை. மதினி ஒரு கரண்டி, அத்தாச்சி ஒரு கரண்டி என்று இலையில் விழும். "எங்க வீட்டு விசேஷத்துல சாப்பிடாம போனா எப்படி?" என்று கேட்பதில் இருக்கும் அன்பு உண்மையானது. அதை மறுத்துப் பேச வேண்டியதில்லை. சாப்பிடுங்கள். காய், கூட்டு, கொஞ்சம் சோறு, பிடித்த இனிப்பு ஒன்று. மோருக்கு முன்னால் இலையை மடித்துவிடுங்கள்.

ஆபத்து அந்தப் பந்தியில் இல்லை, அடுத்த வேளையில் இருக்கிறது. "போனது போச்சு, இனி திங்கக்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்" என்ற நினைப்பு வருகிறதே, அதில் இருக்கிறது. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மாணவிகளுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாடு பற்றி அதிகம் யோசிக்காத பெண்கள், மில்க் ஷேக் குடித்த பின் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டிலேயே இருந்த பெண்கள் மில்க் ஷேக் குடித்த பின் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விரதம் ஏற்கனவே கலைந்துவிட்டது என்ற எண்ணம் அவர்களின் கையை அவிழ்த்துவிட்டது. புதன்கிழமைக் கல்யாணத்தில் 500 கலோரி கூடுதலாகப் போனது பெரிய விஷயமில்லை. அதற்காக வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கு நாளையும் விட்டுவிடுவதுதான் எடையை ஏற்றுகிறது.

இதற்கு ஆறுதலான ஆய்வும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் படிய எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். 21 நாள் என்று நாம் கேள்விப்பட்டது சரியல்ல. பாதிப் பேருக்கு 66 நாளோ அதற்கு மேலோ ஆயிற்று. சிலருக்கு 18 நாளில் படிந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவது கெட்டுப்போகவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே திட்டம் எழுதும்போதே, கலைகிற நாளுக்கும் அதில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். "விசேஷத்துக்கு மறுவேளை: மோர், கீரை, ஒரு கரண்டிச் சோறு, வழக்கமான நடை." அவ்வளவுதான். பட்டினி கிடந்து ஈடுகட்டக் கூடாது. காலையில் பட்டினி கிடந்தவர் மாலையில் வடைச் சட்டி முன்னால் நிற்பார்.

எடை குறைய ஆரம்பித்த பிறகும் ஒரு சோதனை வருகிறது, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ஆறு கிலோ குறைந்து, சட்டை சற்றுத் தளர்ந்து, மனதுக்குள் சந்தோஷமாக ஒரு காதுகுத்துக்குப் போகிறார். வாசலிலேயே, "என்னத்தா, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட? சுகரா? வீட்ல எதுவும் பிரச்சினையா?" பக்கத்தில் இன்னொருவர், "முகமே வாடிப்போச்சு, முன்னாடி பூசுனாப்புல எம்புட்டு லட்சணமா இருந்த!" ஐந்து பேர் இப்படிக் கேட்டால் அவர் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, நமக்கு உண்மையிலேயே ஏதோ நோய் என்று பயந்துபோகிறார். பசியும் காச நோயும் உடம்பைத் தின்ற காலத்தை நம் பாட்டிமார்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு உடம்பு மெலிவது கெட்ட செய்தி. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் இங்கே இருக்கும் நீங்கள், யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சாக உடம்பைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இளைத்தவரிடமும் வேண்டாம், பருத்தவரிடமும் வேண்டாம். குண்டான பெண் பிள்ளையிடம் கல்யாணப் பேச்சை எடுத்து அவள் சாப்பிடும் தட்டைப் பார்க்கிற வழக்கத்தால் எந்தப் பிள்ளையும் எடை குறைந்ததாக நான் பார்த்ததில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கிற பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

நடையைப் பற்றி ஒரு சொல். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 120 முதல் 150 கலோரி வரை செலவாகும். ஒரு மெதுவடை ஏறத்தாழ அதைத் திருப்பித் தந்துவிடும். நடந்த களைப்புக்கு இரண்டு வடை என்று போனால் கணக்கு எதிர்த்திசையில் ஓடும். ஆகவே எடையை இறக்குவதில் தட்டின் பங்குதான் பெரிது. இறக்கிய எடையை ஏறவிடாமல் பிடித்துக்கொள்வதில் நடையின் பங்கு பெரிது. மாநில அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல காரியம். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி விடிகாலையில் எவ்வளவு பேர் நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் தெருவிளக்கு எரியாத, நாய்கள் கூடி நிற்கிற, மூலையில் மதுக்கடை இருக்கிற தெருவில் குடியிருக்கும் பெண் எங்கே நடப்பார்? அவருக்கு மொட்டை மாடியும் மாடிப்படியும்தான். நடைபாதையும் விளக்கும் உடல் நலத் திட்டத்தின் பகுதி என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

எடை குறையவில்லையே என்று நடையை நிறுத்தியவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவிலும் உடலுழைப்பிலும் மிதமான மாற்றம் செய்தவர்களிடம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. கவனியுங்கள், அவர்களுடைய சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. முள் அசையாத மாதங்களிலும் உடம்புக்குள் நன்மை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு நம் ஊர்ச் சான்று இது. எடையே குறைகிறது என்றால், 80 கிலோ உள்ளவருக்கு நாலைந்து கிலோ குறைவதே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது செய்யும். கல்லூரி நாள் எடைக்குத் திரும்பியாக வேண்டும் என்ற இலக்கு யாருக்கும் வேண்டாம்.

எடை குறைக்கும் ஊசி பற்றியும் கேட்கிறார்கள். செமாக்ளூடைட், டிர்செபடைட் இரண்டும் எடை குறைக்கும் மருந்தாக 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. நல்ல பலன் தருகின்றன. ஒரு பெரிய ஆய்வில் செமாக்ளூடைட் எடுத்தவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 விழுக்காடு எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததையும் அதே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தேவைப்படுகிறவர்கள் மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். ஆனால் மருத்துவர் இல்லாமல் தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

இன்னும் ஒன்று, இதைத் தயவுசெய்து வீட்டில் போய்ச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசாமல் சாப்பாட்டை மட்டும் திடீரென்று குறைக்கக் கூடாது. சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரும். பிள்ளை உண்டாகியிருப்பவர்களும், பால் கொடுக்கிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இங்கே நான் சொன்னதை வைத்துத் தாமாகத் திட்டம் போட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். மருந்துச் சீட்டு கொண்டு வந்திருப்பவர்கள் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னிலும் பேசப் பிடிக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் தனியே வாருங்கள், கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை நான் இங்கேதான் இருப்பேன்.